அழித்தெழுதிய முகங்கள்

பழைய பொம்மையைச் செப்பனிடுதல் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போகாத இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. உடைந்த கையை ஒட்டி, தளர்ந்துபோன எலாஸ்டிக்கை மாற்றி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் பொம்மை எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு இயன்றவரை அதைக் கொண்டுசெல்வது முதல் வேலை; தொழிற்சாலை தந்த முகத்தையே துடைத்தெடுத்துவிட்டு, வேறொரு முகத்தை எழுதி, புதிதாக உடை தைத்து அணிவித்து, முன்பு இல்லாத ஒரு பொம்மையாக அதை மாற்றுவது இரண்டாவது வேலை. முதலாவதற்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு மரபு உண்டு. இரண்டாவது, கைவேலைக்காரர்களின் சிறு வட்டங்களுக்குள் நெடுங்காலம் நடந்துவந்து, 2015ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவிலிருந்து உலகின் கவனத்துக்கு வந்தது. இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாமல் பழைய பொம்மையில் கைவைப்பவர், காப்பாற்ற வேண்டியதை அழித்துவிடக்கூடும். அழித்தால் சிறக்கக்கூடியதைத் தொடாமல் விட்டுவிடவும் கூடும்.

முதல் மரபின் அடையாளம் பொம்மை மருத்துவமனை. போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில், பிகெய்ரா சதுக்கத்தில், 1830ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அத்தகைய மருத்துவமனை ஒன்று இன்றும் அதே பெயரில் இயங்குகிறது. அங்கே கைகளும் கால்களும் கண்களும் தனித்தனி இழுப்பறைகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1913இல் ஹரால்ட் சாப்மேன் என்பவர் தொடங்கிய மருத்துவமனையின் கதை இன்னும் சுவையானது. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த செல்லுலாய்டு பொம்மைகள் வழியிலேயே சேதமடைந்துவிட்டதால், விற்பனைக்கு முன் அவற்றைச் சரிசெய்ய வேண்டிய தேவையிலிருந்தே அந்தத் தொழில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது புதிய பொம்மைகளின் இறக்குமதி அருகியதும், வீட்டிலிருந்த பழைய பொம்மைகளைப் பழுதுபார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். இத்தகைய இடங்களில் கைவினைஞர் தம் கைத்தடம் தெரியாதவாறு வேலை செய்ய வேண்டும். கொண்டுவந்தவர் கேட்பது புதிய பொம்மையை அன்று, தாம் இளமையில் அணைத்துத் தூங்கிய அதே பொம்மையை.

டாஸ்மேனியாவில் சோனியா சிங் மேற்கொண்ட வேலை இதற்கு நேர்மாறான திசையில் சென்றது. அறிவியல் செய்திகளைப் பொதுமக்களுக்கு எடுத்துச்சொல்லும் பணியில் இருந்து, ஆட்குறைப்பில் அவ்வேலையை இழந்த அவர், அங்குள்ள குப்பைக் கிடங்குக் கடைகளிலிருந்து பழைய பொம்மைகளை வாங்கி உருமாற்றத் தொடங்கினார். குப்பைக் கிடங்குக் கடை என்பது, ஊராட்சியின் குப்பை சேகரிப்பு இடத்துக்கு வரும் பொருள்களில் இன்னும் பயன்படக்கூடியவற்றைப் பிரித்தெடுத்துக் குறைந்த விலைக்கு விற்கும் கடை. ஆஸ்திரேலியாவில் இது பரவலான ஏற்பாடு. டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டில், 1993இல் அமைந்த ஒரு தொழிலாளர் கூட்டுறவு அமைப்பே அத்தகைய ஒரு கடையை நடத்திவருகிறது. நைந்த சோபாக்களுக்கும் பழைய கதவுகளுக்கும் நடுவே ஒரு கூடையில் தலை கலைந்த, ஆடையற்ற, பெரும்பாலும் பாதங்களும் இல்லாத பொம்மைகள் கிடப்பது இக்கடைகளில் வழக்கமான காட்சி.

பாதம் இல்லாமற்போவதற்கு ஒரு காரணம் உண்டு. சிங் எடுத்த பொம்மைகளில் மிகுதியானவை பிராட்ஸ் வகையைச் சேர்ந்தவை. எம்ஜிஏ என்ற அமெரிக்க நிறுவனம் 2001இல் வெளியிட்ட இப்பொம்மைகள் சுமார் 25 செ.மீ. உயரம் கொண்டவை, உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, முகத்தில் பாதியை நிறைக்கும் கண்கள், தடித்த உதடுகள், கண்ணிமை முழுவதும் மின்னும் பூச்சு ஆகியவை அவற்றின் அடையாளம். காலணியை மாற்ற வேண்டுமானால் கணுக்காலோடு பாதத்தையே கழற்றி, வேறு காலணியோடு கூடிய பாதத்தை மாட்ட வேண்டும் என்ற அமைப்பால், விளையாட்டில் முதலில் தொலைந்துபோவது பாதமே. சிறுமிகளைப் பாலியல் கவர்ச்சி சார்ந்த உருவங்களாகக் காட்டும் போக்கைப் பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கை, இப்பொம்மைகளின் உடைகளையும் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டது. இந்தப் பின்னணியில்தான் சிங் செய்தது பலருக்கு ஒரு மறுமொழியாகத் தோன்றியது. அழகுப்பூச்சைத் துடைத்துவிட்டு, சிறிய கண்களும் மெல்லிய புன்னகையும் கொண்ட சிறுமியின் முகத்தை எழுதினார். பாதங்களையும் எளிய காலணிகளையும் புதிதாக வடித்தார். அவருடைய தாய் கம்பளிச் சட்டைகளையும் சிறு உடைகளையும் பின்னியும் தைத்தும் தந்தார். முன்பும் பின்பும் எடுத்த படங்களை அருகருகே வைத்து அவர் வெளியிட்டபோது, வெட்டவெளியில், புல்லின் மீதும் மரக்கிளையின் மீதும் உட்கார்ந்திருந்த அந்தப் பொம்மைகள் சில நாள்களிலேயே பல நாடுகளின் செய்திகளில் இடம்பெற்றன. ஆங்கிலத்தில் அவர் சூட்டிய ‘ட்ரீ சேஞ்ச் டால்ஸ்’ என்ற பெயரில் ஒரு சொல்நயம் இருக்கிறது: நகர வாழ்வை விட்டு மரங்கள் சூழ்ந்த நாட்டுப்புறத்துக்குக் குடிபெயர்வதை ஆஸ்திரேலியர் ‘மர மாற்றம்’ என்று சொல்வார்கள். அந்தப் பொம்மைகளும் அப்படிக் குடிபெயர்ந்தவை.

சிங்கின் வேலையில் மிகவும் கவனிக்கத்தக்கது, அவர் சேர்த்ததைவிட நீக்கியதே. புதிதாக எழுதிய முகங்கள் நுணுக்கமானவை அல்ல. சில கோடுகள், ஓரிரு நிறங்கள், அவ்வளவே. ஆனால் அந்த எளிமையை எட்டுவதற்கு முன், வினைல் என்ற பொருளின் குணத்தை அறிந்து, அதற்கு ஊறு நேராமல் பழைய பூச்சை முற்றிலும் எடுத்தாக வேண்டும். இக்கலையின் கடினமான பாதி அங்கேதான் இருக்கிறது.

எனவே பழைய பொம்மை ஒன்று கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எதனால் ஆனது என்பதே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனியின் தூரிங்கியா பகுதியிலும் பிரான்சிலும் செய்யப்பட்ட உயர்தரப் பொம்மைகளின் தலைகள் பிஸ்க் எனப்படும், மெருகு பூசாத பீங்கானால் ஆனவை. அவற்றின் கன்னச் சிவப்பும் புருவமும் சூளையில் சுட்டு நிலைபெற்ற நிறங்கள். பிடரியில் செய்தவரின் முத்திரையும் அச்சு எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். தலைக்குள் சிறு விளக்கை வைத்துப் பார்த்தால், வெளியே தெரியாத மயிரிழை விரிசலும் ஒளிக்கோடாகத் தெரியும். மரத்தூளையும் பசையையும் கலந்து அச்சில் அழுத்திச் செய்யப்பட்ட பொம்மைகள் வேறொரு வகை. மேற்பூச்சில் சிலந்தி வலைபோல வெடிப்புகள் பரவியிருப்பதைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம். அவற்றை நீரில் நனைத்தால் பசை கரைந்து உருவமே குலைந்துவிடும் என்பதால், உலர்ந்த மென்துணிக்கு மேல் எதையும் அவற்றின் மீது பயன்படுத்தலாகாது.

செல்லுலாய்டை அறிய மூக்கு உதவும். பருத்தி போன்ற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் மாற்றி, கற்பூரம் சேர்த்து இளக்கிச் செய்த தொடக்ககால நெகிழி அது; கட்டைவிரலால் சற்று அழுந்தத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர மணம் வீசும். எளிதில் தீப்பற்றும் இப்பொருள் முதிரும்போது அமில ஆவியை வெளியிட்டு, ஒரே பெட்டியில் உள்ள மற்றப் பொம்மைகளையும் அரித்துவிடும்; ஆதலால் காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைக்க வேண்டும். இம்மூன்று வகைகளையும் மேலே சொன்ன மருத்துவமனை முறையிலேயே அணுக வேண்டும். நூறாண்டு பழைய பிஸ்க் தலையின் மீது அக்ரிலிக் வண்ணம் பூசுவது புதுப்பித்தல் ஆகாது. அது ஓவியத்தின் மேல் வெள்ளையடிப்பதற்குச் சமம். இலட்சக்கணக்கில் அச்சிட்டு விற்கப்பட்டு, இன்று குப்பைமேட்டின் விளிம்பில் கிடக்கும் வினைல் பொம்மைக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

வினைல் எனப்படுவது பாலிவினைல் குளோரைடு. இயல்பில் கடினமான இந்த நெகிழிக்கு மென்மை தருவதற்காக இளக்கி எனப்படும் எண்ணெய் போன்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இளக்கி மெல்ல மேற்பரப்புக்குக் கசிவதால்தான் பழைய பொம்மைகளின் கைகால்கள் பிசுபிசுக்கின்றன. தூசும் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. 1959இல் அறிமுகமான பார்பி பொம்மையின் தொடக்ககாலப் படிகளில் காதுகளைச் சுற்றிப் பச்சைக் கறை படர்ந்திருப்பதைச் சேகரிப்பாளர்கள் நன்கு அறிவார்கள். காதணியின் உலோகத்தில் இருந்த செம்பு வினைலோடு வினைபுரிந்து உள்ளே ஊறியதன் விளைவு அது. துணிச் சாயமும் பேனா மையும் இவ்வாறே மேலே தங்காமல் உள்ளே இறங்கிவிடுகின்றன. அத்தகைய கறைக்குச் சோப்பு பயன்படாது. முகப்பருவுக்கு மருந்துக்கடைகளில் விற்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கறையின் மீது மட்டும் தடவி, மெல்லிய நெகிழித்தாளால் மூடி, வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் நிறம் மெல்ல வெளுக்கும். சுற்றிலும் உள்ள தோல் நிறமும் சேர்ந்து வெளுத்துவிடக்கூடும் என்பதால் அன்றாடம் பார்த்து நிறுத்த வேண்டிய சிகிச்சை இது.

பொதுவான அழுக்குக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பல்துலக்கியும் போதும். விலைச்சீட்டின் பசை, கைப்பிசுக்கு ஆகியவற்றை ஆஸ்திரேலிய வீடுகளில் யூகலிப்டஸ் தைலத்தால் துடைப்பார்கள். அந்த நாட்டு மரம் உதகைப் பக்கத்து மலைகளில் நடப்பட்டு, தமிழ்நாட்டில் நீலகிரித் தைலமாக அறியப்படும் அதே தைலம்தான் அது. பொம்மையின் தலைக்குள் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. படுக்கவைத்தால் மூடும் கண்களைக் கொண்ட பொம்மைகளில் உள்ளே இரும்புக் கம்பி இருப்பதால் அது துருப்பிடிக்கும். மற்றவற்றில் பூஞ்சை படியும். தலையைக் கழற்ற வேண்டுமானால், கழுத்தைச் சில நிமிடம் சுடுநீரில் பிடித்து வினைலை இளகச்செய்த பிறகே மெல்லத் திருகி எடுக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் இழுத்தால் கழுத்து முனை ஒடிந்துவிடும்.

தலைமுடி பொறுமையைக் கேட்கும் பகுதி. அது நைலான், சரான், கானெகலோன், பாலிபுரொப்பிலீன் என்று ஏதாவதொரு செயற்கை இழையால் ஆனது. முடிக்கு இடும் கண்டிஷனரில் ஊறவைத்து, உலோகச் சீப்பால் நுனியிலிருந்து சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். பிறகு முடியைச் சுருட்டியோ நீட்டியோ கட்டி, அதன் மீது சூடான நீரை ஊற்றி, உடனே குளிர்ந்த நீரைக் காட்டினால், இழை புதிய வடிவில் நிலைத்துவிடும். வெப்பத்தில் இளகிக் குளிரில் இறுகும் நெகிழியின் இயல்பே இங்கும் கைகொடுக்கிறது. நைலானும் சரானும் கொதிநீரின் சூட்டைப் பெரும்பாலும் தாங்கும். கானெகலோன் சுருங்கிவிடக்கூடும். ஆகவே எந்த இழை என்று தெரியாதபோது, பிடரியின் அடியில் மறைவாக உள்ள ஒரு கற்றையில் சோதித்துப் பார்ப்பதே முறை. முடி கொத்துக்கொத்தாக வெட்டப்பட்டிருந்தால், தொழிற்சாலை இட்ட துளைகளின் வழியாகவே ஊசியால் புதிய இழையை ஒவ்வொன்றாகக் கோத்து நடலாம். ஒரு தலைக்குப் பல மணி நேரம் பிடிக்கும் வேலை அது.

முகத்தைத் துடைக்க அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி பயன்படுகிறது. வினைல் தலை அதைச் சிறிது நேரம் தாங்கும். ஆனால் பல பொம்மைகளின் உடலும் கண்களும் செய்யப்படும் கடின நெகிழியை அசிட்டோன் கரைத்துவிடும். எனவே பஞ்சுக்குச்சியைத் தோய்த்துப் பிழிந்து, கண்ணின் நடுவிலிருந்து வெளிப்புறமாக அல்லாமல் ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடைப்பார்கள். அப்போதுதான் கரைந்த கருநிறம் கன்னத்தில் பரவாது. துடைத்து முடித்ததும் உடனே சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். முகமில்லாமல் வெறுமையாக இருக்கும் இந்த நிலையில் பொம்மையைப் பார்ப்பது முதன்முறை செய்பவருக்குச் சற்று அதிர்ச்சியாகவே இருக்கும். ஆனால் அச்சிட்ட கண்களுக்குப் பின்னால் சிற்பி வடித்த கன்ன மேடும் மூக்கின் வளைவும் உண்மையில் எப்படி இருந்தன என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

வழுவழுப்பான வினைலில் வண்ணம் பிடிப்பதற்காக, மங்கலான வார்னிஷ் ஒன்றை முதலில் மெல்லிய படலமாக இடுவது வழக்கம். எல்லாத் தெளிப்பு வார்னிஷும் இதற்கு ஏற்றது அன்று. சிலவற்றின் கரைப்பான் வினைலோடு வினைபுரிந்து, ஆண்டுக்கணக்கில் உலராத பிசுபிசுப்பை உண்டாக்கிவிடும். தெளிக்கும்போது ஆவியை வடிகட்டும் முகக்கவசம் அணிவதும் திறந்த வெளியில் நிற்பதும் கட்டாயம். பிறகு நீர்வண்ணப் பென்சிலால் கண்களின் இடத்தைக் குறித்து, நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தைப் பல மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். இரு கண்களையும் ஒரே நோக்கில் அமைப்பதே மிகக் கடினம். பொம்மையைக் கண்ணாடியில் காட்டி, இடவலம் மாறிய பிம்பத்தைப் பார்த்தால் கை செய்த பிழை உடனே புலப்படும். கருவிழியின் மேல்விளிம்பு இமைக்கு அடியில் சற்று மறைய வேண்டும். முழுவட்டமாக விட்டால் முகம் திகைத்த முகமாகிவிடும். உதட்டுக்குத் தோலின் நிறத்தைவிட ஒரு படி ஆழ்ந்த நிறம் போதும். தொலைந்த பாதத்துக்கு, இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் சில மணி நேரத்தில் கல்லாக இறுகும் இப்பாக்சி மாவைக் கணுக்காலின் மீதே வடித்து, உலர்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் இடலாம்.

இனி உடை. இந்தக் கலையைப் பற்றி எழுதுபவர்கள் முகத்தையே பெரிதும் பேசி, உடையை ஒரு துணைவேலையாகக் கடந்துவிடுகிறார்கள், அது நியாயமன்று. துடைத்து எழுதிய முகத்தோடு நிற்கும் பொம்மைக்குப் பழைய பளபளக்கும் குட்டைப் பாவாடையையே அணிவித்தால், முகத்தில் செய்த மாற்றம் பொய்யாகத் தோன்றும். சிங்கின் பொம்மைகள் சிறுமிகளாக நம்பப்பட்டதற்கு, அவருடைய தாய் பின்னிய சற்றே தொளதொளத்த கம்பளிச் சட்டைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. யாரோ ஒருவர் குளிருக்கு அஞ்சி அணிவித்தது போன்ற உடை அது.

பொம்மைத் தையலின் அடிப்படைச் சிக்கல் அளவு விகிதம். சுமார் 29 செ.மீ. உயரமுள்ள பார்பி போன்ற பொம்மைகள் மனித உடலில் ஆறில் ஒரு பங்காகக் கணக்கிடப்படுகின்றன. உடையை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். துணியின் தடிமனைச் சுருக்க முடியாது. 0.3 மி.மீ. தடிமனுள்ள சாதாரணச் சட்டைத்துணி, பொம்மையின் உடலில் 1.8 மி.மீ. தடிமனுள்ள துணிபோல, அதாவது மனிதர் அணியும் கனத்த கோட்டுத் துணிபோல விறைத்து நிற்கும். ஓரத்தை இருமுறை மடித்துத் தைத்தால் அந்த இடம் மூன்று அடுக்காகி மரப்பட்டைபோல ஆகிவிடும். மல்மல், வாயில், மெல்லிய கேம்பிரிக் ஆகிய துணிகளே இதற்கு உகந்தவை. பலமுறை துவைத்து நைந்த கைக்குட்டையும் குழந்தைச் சட்டையும் புதுத்துணியைவிடச் சிறந்தவை, ஏனெனில் அவை இளகியும் இருக்கும், சாயம் போக வேண்டிய அளவுக்குப் போயும் இருக்கும். பூவேலைப்பாடு இருந்தால் ஒவ்வொரு பூவும் கடுகளவுக்கு மேல் போகக்கூடாது. கொலுவுக்காக மரப்பாச்சிக்கு ஆண்டுதோறும் புதிதாக உடுத்திவிடும் வீடுகளில், ரவிக்கைத் துணியின் அகலமான சரிகை பொம்மையின் இடுப்புவரை ஏறிவிடுவதைக் கண்டு, மெல்லிய கரையுள்ள துணியைத் தேடியவர்களுக்கு இந்த விகிதச் சிக்கல் புதிதல்ல.

அளவுத்தாள் இல்லாமலேயே உடையின் வெட்டு வடிவத்தைப் பெற எளிய வழி ஒன்று உண்டு. பொம்மையின் உடலை உணவு மூடும் மெல்லிய நெகிழித்தாளால் சுற்றி, அதன் மேல் காகித ஒட்டுநாடாவைச் சுருக்கமின்றி ஒட்டி, தோள், பக்கவாட்டு, கழுத்து, இடுப்புக் கோடுகளைப் பேனாவால் வரைந்து, அக்கோடுகளின் வழியே வெட்டியெடுத்து மேசைமீது தட்டையாக விரித்தால், அதுவே அந்தப் பொம்மைக்கான வெட்டு வடிவம். சுற்றிலும் தையலுக்காக 5 அல்லது 6 மி.மீ. துணி விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் உள்ளே திரண்டு உடலைப் பருமனாகக் காட்டும். இவ்வளவு குறுகிய ஓரம் எளிதில் நூல் பிரியும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே கோட்டின் மீது நீர்த்த துணிப்பசையைத் தடவி உலரவிடுவது நல்லது. பழைய சட்டையின் அடிவிளிம்பைப் பாவாடையின் அடிவிளிம்பாக வைத்து வெட்டினால், ஏற்கெனவே மடித்துத் தைத்த நேர்த்தியான ஓரம் வேலையின்றியே கிடைத்துவிடும்.

பெரியவர்களின் உடையில் கையை இறுதியில் பொருத்துவார்கள். பொம்மையின் தோள்வளையம் விரல்நுனி அளவே இருப்பதால், பக்கவாட்டைத் தைப்பதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே கையை இணைத்துவிட்டு, பிறகு கையின் அடியையும் பக்கவாட்டையும் ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். தையலின் நீளம் 1.5 முதல் 2 மி.மீ. வரை இருந்தால் போதும். தலை உடலைவிடப் பெரிதாக இருக்கும் பொம்மைக்குத் தலைவழியாக எதையும் நுழைக்க இயலாது. ஆகவே உடையின் முதுகுப்புறம் மேலிருந்து கீழ்வரை திறந்திருக்க வேண்டும். அங்கே சிறிய பிரஸ் பட்டனோ மெல்லிய வெல்க்ரோவோ வைப்பார்கள். முதல் பார்பிக்கு உடைகளை வடிவமைத்த சார்லட் ஜான்சனின் மேற்பார்வையில் ஜப்பானில் தைக்கப்பட்ட உடைகளில் உட்துணியும் மிகச்சிறிய ஜிப்பும் இருந்தன. தையற்காரர்களுக்கு அவை இன்றும் வியப்பூட்டுகின்றன. எனினும் விளையாடப்போகும் குழந்தையின் விரல்களுக்கு ஜிப்பைவிட வெல்க்ரோவே எளிது. உலோகப் பட்டன் வினைலின் மீது நேரடியாகப் படாமல் உள்ளே துணி மடிப்பு இருக்க வேண்டும் என்பதைப் பார்பியின் பச்சைக் காதுகள் கற்பித்திருக்கின்றன. கருநிறமும் அடர்சிவப்பும் கொண்ட துணியை, துவைத்த நீர் தெளியும்வரை அலசியபின், வெள்ளை உட்துணி வைத்துத்தான் தைக்க வேண்டும். இல்லையெனில் ஓராண்டில் காலெல்லாம் சாயம் ஏறிவிடும்.

கம்பளி உடைக்கு 2 மி.மீ. அளவுள்ள பின்னல் ஊசியும் மிக மெல்லிய நூலும் தேவை. கழுத்திலிருந்து தொடங்கி, தோளருகே சுற்றுதோறும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே கீழ்நோக்கி ஒரே துண்டாகப் பின்னும் முறை பொம்மைக்கு மிகவும் ஏற்றது. தனித்தனிப் பகுதிகளைப் பின்னி இணைத்தால் இணைப்புத் தையலே கண்ணை உறுத்தும். பின்னல் தானாகவே நெகிழ்ந்து கொடுப்பதால், துணி உடையில் நேரும் சிறு அளவுப் பிழைகள் இங்கே தெரிவதில்லை. தையல் இயந்திரம் இல்லாதவரும் இதிலிருந்து தொடங்கலாம். அணிவிக்கும்போது பொம்மையின் விரல்கள் இழையில் சிக்காமலிருக்க, கையைச் சிறு காகிதத்தால் சுற்றிவிட்டு நுழைப்பது வழக்கம்.

இப்படி உருமாற்றிய பொம்மையை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் எச்சரிக்கை தேவை. வினைலை இளக்கச் சேர்க்கும் தாலேட் வகை வேதிப்பொருள்கள் சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும், அமெரிக்கா 2008இலும் சட்டம் செய்தன. அதற்கு முன் செய்யப்பட்ட பொம்மைகள் அந்த வரம்புக்குள் வந்திருக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஆகவே மிகப் பழைய வினைல் பொம்மைகளை, எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளிடம் தராமல் அலமாரியில் வைப்பதே தகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தைக்கும் உடையில் மணியோ பட்டனோ வேண்டாம்; அந்த இடத்தில் நூலால் பட்டன் வடிவில் பூத்தையல் இடலாம்.

சிங்கின் பொம்மைகள் புகழ்பெற்ற அதே ஆண்டில், கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த வெண்டி சாவ் என்ற கைவினைஞர், அதே பிராட்ஸ் பொம்மைகளின் முகத்தை அழித்து, மலாலா யூசப்சாய், விலங்கியலாளர் ஜேன் குடால், ஓவியர் பிரிடா காலோ, விண்வெளி வீராங்கனை ராபர்ட்டா பாண்டர் ஆகியோரின் உருவங்களாக மாற்றினார். போற்றத்தக்க முயற்சிதான். ஆயினும் பெயரற்ற, சாதாரணமான, மண்ணில் விளையாடிவிட்டு வந்தது போன்ற சிங்கின் சிறுமிகளிடம் ஒரு கூடுதல் வலிமை இருக்கிறது. அவர்களில் எந்தக் குழந்தையும் தன்னைக் காணலாம். அத்தகைய பொம்மை வேண்டும் என்று கேட்டவர்களின் எண்ணிக்கை, ஒரு குடும்பத்தின் கைகள் செய்யக்கூடிய அளவைப் பன்மடங்கு மீறியபோது, சிங் தம் செய்முறைகளைக் காணொளிகளாக வெளியிட்டார். அவற்றைப் பார்த்து வேலையைத் தொடங்குபவருக்குத் தேவையான முதல் பொருள், பெரும்பாலும் வீட்டுப் பரணிலேயே கிடைத்துவிடுகிறது. செய்து முடித்த பொம்மை குழந்தையின் கைக்குத் திரும்பியதும் முதலில் தேய்வது மூக்கின் நுனியும் உதடும்தான். மெல்லிய அக்ரிலிக் பூச்சு என்பதால், அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் எழுத ஒரு மாலைப்பொழுது போதும்.